எழுதாத கடன்



சிறுபிராயத்தில் ஞானோபதேசம் படித்தபோது, ஏழாம் கற்பனை விலக்குகிற களவு என்றால், இருட்டில் ஓடு பிரித்து இறங்குகிறவன் செய்வது என்றே நாம் எண்ணியிருந்தோம். குடித்தனம் நடத்தி, கொடுக்கல் வாங்கலில் அடிபட்ட பிறகு வேறொன்றும் தெரிந்துகொண்டோம். பட்டப்பகலில் சிரித்த முகத்தோடு நம்மை உட்காரவைத்துக் காப்பி கொடுக்கிறவரிடத்திலும் நம்முடைய பொருள் வருஷக்கணக்காய்த் தங்கிப்போகக்கூடும். ஓடு பிரித்தவனைப் பற்றிப் புகார் சொல்லலாம். காப்பி கொடுத்தவரைப் பற்றி என்ன சொல்வது, யாரிடம் சொல்வது? இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசுகிறேன்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர் யார் என்று நம் பங்கில் தேட வேண்டாம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். கடலூர் முதுநகர்க்காரர் ஒருவரும் சிதம்பரத்துக்காரர் ஒருவரும் கூட்டாக மீன் வியாபாரம் செய்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் ஏலம் எடுப்பார்; மற்றவர் சிதம்பரத்தில் விற்பார். ஆறு வருஷம் நடந்தது. பிறகு, சண்டையில்லாமல் கணக்கைத் தீர்த்துப் பிரிந்தார்கள். சிதம்பரத்துக்காரர்தான் மற்றவருடைய மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன்.

பிரிந்து சில மாதம் கழித்து அந்த ஞானத்தகப்பன் வந்து நின்றார். “அண்ணே, தனியாக் கடை போடுறேன். மூணு லட்சம் இருந்தா கைமாத்தாக் கொடுங்க. நீங்க கேட்டப்ப திருப்பிடுறேன்” என்றார். நம்மவர் கையில் அவ்வளவு இல்லை. மனைவியின் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்து, ஒரு லட்சத்தை வங்கி மூலமாகவும் மீதியை ரொக்கமாகவும் கொடுத்தார். “ஒரு சீட்டு வாங்கிக்கங்களேன்” என்று மனைவி மெதுவாய்ச் சொன்னாள். “ஆறு வருஷம் ஒரே கல்லாவுல கை வெச்சவங்க நாங்க. அவன்கிட்டப் போய் எழுதிக் கேட்டா என்ன நினைப்பான்?” என்று அவளை அடக்கிவிட்டார்.

இப்போது இரண்டு வருஷமும் ஐந்து மாதமும் ஆகிறது. நகை இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. நம்மவர் முதுநகரில் ரயிலேறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரத்தில் இறங்குகிறார். காப்பி கிடைக்கிறது. “மாசக் கடைசியில பார்க்கலாம் அண்ணே” என்ற பதிலும் கிடைக்கிறது. திரும்பி வருகிறார். போன மாதம் அந்தப் பதிலும் மாறிவிட்டது: “அது பழைய கூட்டுக் கணக்குல சேர்ந்ததுதானே, அண்ணே?” அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவரை அதிகமாய்ச் சுட்டது.

பிரியமானவர்களே, சிநேகிதனிடம் எழுத்து கேட்பது அவமானம் என்று இவருக்குச் சொன்னது யார்? வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. தொபியாசு ஆகமத்தைத் திறந்து பாருங்கள். பெரிய தொபியாசு பக்திமான். அகதியாய்ச் செத்தவர்களை ஒளிந்து சென்று அடக்கம் செய்தவர். அவர் தம் கோத்திரத்தானாகிய கபேலு கஷ்டப்படுவதைக் கண்டு, பத்துத் தாலந்து வெள்ளியைக் கடனாகக் கொடுத்தார். அவ்வளவு இரக்கமுள்ளவர், அவன் கையெழுத்துச் சீட்டையும் வாங்கி வைத்தார். பல வருஷம் சென்றது. தொபியாசு கண் தெரியாமல், கையில் பொருளில்லாமல், சாவை எதிர்பார்த்திருக்கிற வேளையில் மகனை அழைத்து அந்தக் கடனைத் தெரிவிக்கிறார். மகனோ, “அவருக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரைத் தெரியாது, என்ன அடையாளம் காட்டிக் கேட்பேன்?” என்ற கருத்தில் கலங்குகிறான். அப்போது தகப்பன் சீட்டைக் காட்டுகிறார்.

அதன் முடிவைக் கவனியுங்கள். அதிதூதர் இரபேல் அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பணம் முழுவதையும் பெற்றுக்கொள்கிறார். கபேலு பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. இளைய தொபியாசின் கலியாண விருந்துக்கு வந்து, பையனைக் கட்டித் தழுவிக் கண்ணீர்விட்டு ஆசீர்வதிக்கிறான். கடன் வாங்கியவனும் கொடுத்தவன் மகனும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். சீட்டு அவர்கள் உறவைக் கெடுக்கவில்லை. காலம், தூரம், மறதி, மரணம் ஆகிய எல்லாவற்றையும் தாண்டி அதுவே உறவைக் காப்பாற்றிக் கொடுத்தது.

எரேமியாஸ் தீர்க்கதரிசியும் இப்படித்தான் செய்தார். சொந்தச் சிற்றப்பன் மகனிடம் 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கினார். உறவுக்காரன்தானே என்று விடாமல், பத்திரம் எழுதி, சாட்சிகளைக் கையெழுத்திடச் செய்து, அதை மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொன்னார். அர்ச். சின்னப்பரோ, ஒனேசிமு என்ற அடிமைக்காகப் பிலேமோனுக்கு நிருபம் எழுதும்போது, அவன் பட்ட கடனைத் தாமே செலுத்துவதாகச் சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தார். கேளாமலே எழுதிக் கொடுத்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகையால், கடன் கொடுக்கிறவர் எழுத்து கேட்கத் தயங்கினால், வாங்குகிறவர் தாமே எழுதிக் கொடுப்பது கிறிஸ்தவ மரியாதை. எழுத்து என்பது சந்தேகத்தின் அடையாளமல்ல. நாளைக்கு நான் மறந்தாலும், நான் இறந்தாலும், உன் பிள்ளைகளுக்கு என்னால் நஷ்டம் வரக்கூடாது என்கிற பிறர்சிநேகம் அது.

சரி, எழுத்து வாங்காமல் கொடுத்தாகிவிட்டது. இனி என்ன செய்வது? அழுதுகொண்டிருப்பதா? ஆளைப் பிடித்து அடிப்பதா? சேசுநாதர் அர்ச். மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில், குற்றம் செய்த சகோதரனிடம் போவதற்கு மூன்று படிகளைக் காட்டியிருக்கிறார். முதலில் தனியாகப் போ. கேளாவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப் போ. அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரிவி என்பதே அதன் கருத்து. அந்தப் படிகளிலேயே நம்முடைய முதுநகர்க்காரரை நடத்திப் பார்ப்போம்.

முதற்படி, தனியாகப் போவது. கடை வாசலில் வாடிக்கைக்காரர் முன்னிலையில் கேட்கக் கூடாது. கலியாண வீட்டிலும் சாவு வீட்டிலும் கேட்கக் கூடாது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்று மோயீசன் கட்டளையிட்டார். மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்த மரியாதையை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் மரியாதை வேறு, தெளிவில்லாமை வேறு. “அண்ணே, பார்க்கலாம்” என்ற பதிலோடு இந்த முறை திரும்பக் கூடாது. “தம்பி, மொத்தமாத் தர முடியலேன்னா மாசம் இவ்வளவுன்னு சொல்லு. ஆனா இன்னைக்கு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு” என்று சாந்தமாய்க் கேட்க வேண்டும்.

இன்றைக்கே ஏன்? இங்கேதான் நம் மக்களில் பலர் அறியாமல் ஏமாறுகிறார்கள். வாய்ப்பேச்சாய்க் கொடுத்த கடனும் சட்டப்படி செல்லும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் எல்லா ஒப்பந்தத்துக்கும் எழுத்து கேட்பதில்லை. ஆனால் 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின்படி, கேட்டபோது தருவதாகக் கொடுத்த கடனுக்கு வழக்குப் போட 3 வருஷந்தான் தவணை. அந்த 3 வருஷமும், பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அல்ல, கொடுத்த நாளிலிருந்தே எண்ணப்படும். நம்மவருக்கு இன்னும் 7 மாதமே பாக்கி. “மாசக் கடைசி” என்று கேட்டுக் கேட்டு அவர் இழந்தது ரயில் செலவு மாத்திரமல்ல.

தவணை முடியுமுன் கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாய் 3 வருஷம் கிடைக்கும். ஒரு பகுதியைச் செலுத்தினாலும் அப்படியே. ஆனால் செலுத்தினதற்கு அவர் கையால் எழுதியதோ, அவர் கையெழுத்திட்டதோ ஒரு குறிப்பு இருக்க வேண்டும். 5,000 ரூபாயை ரொக்கமாய்ச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது உதவாது. வங்கி மூலம் அனுப்பிய 1 லட்சத்துக்குக் கணக்கு இருக்கிறதே என்பீர்கள். பணம் போனதை அது காட்டும். எதற்காகப் போயிற்று என்று காட்டாது. நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டும் இன்னொருவரைக் கடனாளியாக்கப் போதாது. செல்பேசியில் அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வையுங்கள். உரிய சான்றிதழோடு கோர்ட்டில் அவை சாட்சியமாகும். ஆயினும் கையெழுத்திட்ட தாளுக்கு ஈடாக அவற்றை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

இரண்டாம் படி, ஒருவர் இருவரைக் கூட்டிப் போவது. அடியாட்களையல்ல, இருவரும் மதிக்கிற பெரியவர்களை. பழைய கூட்டு வியாபாரத்தின் கணக்கை அறிந்த ஒருவர் இருந்தால் மிகவும் நல்லது. ஏனென்றால், “அது கூட்டுக் கணக்கில் சேர்ந்தது” என்ற வாதம் வந்துவிட்டது. இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கூட்டுத் தொழிலின் பாக்கியும், பிரிந்த பிறகு தனியாய்க் கொடுத்த கைமாற்றும் ஒன்றல்ல. கூட்டுப் பாக்கியென்றால், கலைந்த கூட்டின் கணக்கைக் கேட்டு வழக்குப் போடலாம். அதற்குக் கூட்டு கலைந்த நாளிலிருந்து 3 வருஷம். பதிவு செய்யாத கூட்டாயிருந்தாலும் 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் இந்தக் கணக்கு வழக்கைத் தடுக்கவில்லை. கைமாற்றுக்கோ, பணம் கொடுத்த நாளே கணக்கு. ஆகவே கூட்டு கலைந்த நாள், கணக்குத் தீர்த்த நாள், கடன் கொடுத்த நாள் ஆகிய மூன்றையும் தேதியோடு எழுதிக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

மூன்றாம் படி, பொது இடத்துக்குக் கொண்டு போவது. கிறிஸ்தவன் கோர்ட்டுக்குப் போவது பாவமா என்று சிலர் கேட்கிறார்கள். கொரிந்து சபையார் அற்பக் காரியங்களுக்குக் கூடச் சகோதரன் மேல் வழக்காடியதை அர்ச். சின்னப்பர் கண்டித்தார் என்பது மெய். அந்தச் சின்னப்பரே, நியாயம் கிடைக்காதென்று கண்டபோது இராயருடைய நியாயஸ்தலத்துக்கு அப்பீல் செய்தார் என்பதும் மெய். கோபத்தைத் தீர்க்கக் கோர்ட்டைத் தேடுவது தவறு. நியாயத்தை நாடி அங்கே போவது தவறல்ல. எதிராளியோடு வழியில் இருக்கும்போதே சமாதானம் ஆகச் சொன்னார் நம் ஆண்டவர். அந்த வழியில் நமக்கு ஒரு நல்ல சத்திரம் உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு கடலூரில் மாவட்ட அளவிலும், சிதம்பரத்தில் வட்ட அளவிலும் இருக்கிறது. வழக்குப் போடுமுன்பே அங்கே மனுக் கொடுத்து, லோக் அதாலத்தில் இருவரும் ஒத்துக்கொண்டால், அந்தத் தீர்வு சிவில் கோர்ட்டு டிக்ரிக்குச் சமானம். அதன்மேல் அப்பீல் கிடையாது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி கேட்க உரிமையுண்டு. ஆனால் இருவரும் இணங்கினால்தான் லோக் அதாலத் தீர்க்கும். இணங்காவிட்டால், தவணை முடியுமுன் வக்கீல் நோட்டீசும் அதன்பின் வழக்குந்தான். நோட்டீசு அனுப்பியதாலே காலவரை நிற்காது. வழக்கையே அதற்குள் போட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சோதனை வரும். மனம் நொந்தவர் காதில் யாராவது வந்து ஓதுவார்கள்: “பழைய வியாபாரத்தில் அவன் கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் இருக்கிறதே, அதிலே புரோநோட்டு எழுதிக்கொள்.” “மூணை ஐந்து லட்சம் என்று போடு.” “ரெண்டு ஆளைக் கூட்டிப் போய்க் கடையைப் பூட்டு.” “கந்து வட்டி சேர்த்துக் கேள்.” பிரியமானவர்களே, உங்கள் பணம் நியாயமானது; அதைப் பெறுகிற வழி அநியாயமானால், ஏழாம் கற்பனையில் நீங்கள் பட்ட நஷ்டத்தை எட்டாம் கற்பனையில் நீங்களே செய்த பாவமாய் மாற்றிக்கொள்கிறீர்கள். பொய்ப் பத்திரமும் மிரட்டலும் நாட்டுச் சட்டத்திலும் குற்றம். அநியாய வட்டியைத் தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. கடனைத் திருப்பாதது மாத்திரம் போலீசு வழக்கல்ல; ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடி என்ற பேச்சு வரும்.

இனிக் கடன் வாங்கினவருக்கு ஒரு வார்த்தை. அவரும் பூசைக்கு வருகிறவர்தான். ஒருவேளை இதை இப்போது வாசிப்பவரே அவராயிருக்கலாம். சகோதரனே, 3 வருஷம் கழிந்தால் கோர்ட்டு அந்த வழக்கை ஏற்காது என்பது உனக்குத் தெரிந்திருக்கலாம். ஆனால் நன்றாய்க் கேள்: அந்தச் சட்டமும் வழக்குப் போடும் வழியைத்தான் அடைக்கிறது, கடனே இல்லையென்று சொல்லவில்லை. காலங்கடந்த கடனையும் செலுத்துவேன் என்று நீ எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. நாட்டுச் சட்டமே உன் மனச்சாட்சிக்கு இப்படி ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, சர்வேசுரன் சந்நிதியில் தவணை முடிந்தது என்று எப்படிச் சொல்வாய்? பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் பாவத்தை மன்னிக்கிறார். பிறர் பொருளை உனக்கு எழுதிக் கொடுப்பதில்லை. முடிந்தவர் திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும். சக்கேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவேன் என்றான். அன்றைக்கே அவன் வீட்டுக்கு இரட்சணியம் வந்தது.

2004-ம் வருஷம் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கரையில் கடல் ஏறி வந்ததை மறக்க முடியுமா? பெட்டியோடு எத்தனை வீட்டுப் பத்திரமும் சீட்டும் போயிருக்கும்! கொடுத்தவர் போய், சீட்டும் போய், வாங்கினவர் மனச்சாட்சி மாத்திரமே சாட்சியாய் நின்ற கடன்களும் இருந்திருக்கும். அந்தச் சாட்சியை எந்தக் கடலும் கொண்டுபோகாது.

உண்மையாகவே கொடுக்க முடியாதவர்களும் உண்டு. கடை நொடித்துப் போயிருக்கலாம், வியாதி வந்திருக்கலாம். அப்படியானால் ஒளியாதே, நீயே ரயிலேறி முதுநகருக்குப் போய்ச் சொல். கொடுத்தவரும் பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்டு, நூறு பணத்துக்காகத் தன் உடன் ஊழியனின் கழுத்தை நெரித்தவனை நினைத்துக்கொள்ளட்டும். தவணை கூட்டலாம், குறைக்கலாம், முழுவதையும் விட்டுவிடலாம். ஆனால் ஒன்று: அடகு வைத்தது மனைவியின் நகை. அவளைக் கேளாமல் கொடுத்ததுபோல, அவளைக் கேளாமல் மன்னித்துவிடவும் வேண்டாம். அந்த மன்னிப்பில் அவளுக்கும் பங்குண்டு.

குடும்பத் தலைவர்களே, இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். இரவு ஜெபமாலை முடிந்தபின், மனைவி மக்களை அருகில் வைத்துக்கொண்டு, நாம் கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். பெரிய தொபியாசு சாகுமுன் மகனுக்குச் சொன்னதை நாம் உயிரோடிருக்கும்போதே சொல்லிவைப்போம். வாங்கினது இருந்தால், கேட்கும்வரை காத்திராமல் நாமே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவோம். இனிமேல் கொடுப்பதை வங்கி மூலமாகவே கொடுத்து, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டும் வாங்கிக்கொள்வோம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாய்க் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டமும் அனுமதிப்பதில்லை.

அந்த முதுநகர் வீட்டு மூத்த மகனுக்கும் ஒருநாள் கலியாணம் வரும். அன்றைக்கு அவன் ஞானத்தகப்பன், கபேலுவைப்போல் வந்து, பையனைக் கட்டித் தழுவி ஆசீர்வதிக்க வேண்டும். அதற்கு இன்னும் 7 மாதம் இருக்கிறது. இரபேல் சம்மனசானவர் அந்த இருவரையும் நம் எல்லாரையும் நல்ல வழியில் நடத்துவாராக. ஆமென்.